பரிசுக்கு முன்னால் வரி

தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தும் ராஃபிள் எனப்படும் பரிசுக் குலுக்கலில் 100 டாலர் டிக்கெட் வாங்கியவருக்கு 40,000 டாலர் கார் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேடையில் கைதட்டல், பொன்னாடை, புகைப்படம் எல்லாம் முடிந்ததும் பொருளாளர் அவரை ஓரமாக அழைத்து, "9,576 டாலருக்கு ஒரு செக் எழுதிக் கொடுங்கள், சாவியைத் தந்துவிடுகிறோம்" என்பார். கேட்டவருக்குத் திக்கென்றுதான் இருக்கும். ஆனால் பொருளாளர் மேல் தப்பில்லை. வரியை வாங்காமல் சாவியைக் கொடுத்தால்தான் அவர் மாட்டிக்கொள்வார்.

"உங்களுக்குப் பெரிய பரிசு விழுந்திருக்கிறது. வரியை முதலில் கட்டிவிடுங்கள், பரிசு வீடு தேடி வரும்." அமெரிக்காவில் தனியாக வசிக்கும் முதியவர்களைத் தொலைபேசியில் பிடித்து, வாழ்நாள் சேமிப்பைக் கறக்கும் கும்பல்கள் சொல்வதும் ஏறக்குறைய இதே வாக்கியம்தான். சட்டம் சொல்வதும் மோசடிக்காரன் சொல்வதும் காதில் ஒன்றுபோல விழுகின்றன. பேராசை பிடித்தவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள் என்று சொல்வோர் இந்த ஒற்றுமையைக் கவனிப்பதில்லை. வரிச் சட்டம் கொஞ்சம் தெரிந்த ஓய்வுபெற்ற கணக்கர்கூட 'ஆமாம், வரி கட்டித்தானே ஆகவேண்டும்' என்று நினைத்துத்தான் பணத்தை அனுப்புகிறார்.

அதனால் ராஃபிளுக்கான மத்திய, மாநிலச் சட்டங்களையும், முதியோரைக் காக்க மாநிலங்கள் வைத்திருக்கும் ஏற்பாட்டையும் இந்த அத்தியாயம் சேர்த்தே பார்க்கிறது. தமிழ்ச் சங்கத்துக்கோ தமிழ்ப் பள்ளிக்கோ பொருளாளராக இருப்பவரின் வீட்டிலேயே எழுபது வயது தாண்டிய அம்மா அப்பாவும் இருக்கலாம். அவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

கூட்டரசின் கணக்கு

மேலே சொன்ன 9,576 எப்படி வந்தது? பரிசின் சந்தை மதிப்பிலிருந்து டிக்கெட் விலையைக் கழித்தால் 39,900. அந்த மிச்சம் 5,000 டாலரைத் தாண்டினால் அதில் 24 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸிடம் கட்டுவது குலுக்கல் நடத்துபவரின் பொறுப்பு. பரிசு ரொக்கமாக இருந்தால் சிக்கல் இல்லை, பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடலாம். காரிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொள்ள முடியாதே! அதனால்தான் வெற்றியாளர் அந்தத் தொகையைத் தன் கையிலிருந்து முதலில் தரவேண்டியிருக்கிறது.

'பாவம், பரிசு விழுந்தவரிடம் போய்க் காசு கேட்பதா, சங்கமே கட்டிவிடட்டும்' என்று செயற்குழுவில் யாராவது தாராள மனதோடு சொல்லக்கூடும். சொல்லலாம், ஆனால் விகிதம் மாறிவிடும். சங்கம் கட்டும் வரியும் வெற்றியாளருக்குக் கிடைத்த பரிசாகவே கருதப்படும் என்பதால் 24க்குப் பதில் 31.58 சதவீதம். அதே காருக்கு ஏறத்தாழ 12,600 டாலர். பட்ஜெட் போடும்போதே இதை முடிவு செய்துகொள்ள வேண்டும், மேடையில் வைத்து அல்ல. வரியைப் பிடிக்காமலே விட்டுவிட்டால் அந்தத் தொகைக்கு ஐஆர்எஸ் சங்கத்தைத்தான் பொறுப்பாக்கும்.

இந்தியாவிலும் இதே முறைதான் என்பது பலருக்கு நினைவிருக்காது. லாட்டரிப் பரிசில் 30 சதவீதம் பிடிக்கப்படும். பரிசு பொருளாக இருந்தால், வரி கட்டியாகிவிட்டது என்று உறுதி செய்துகொண்ட பிறகே பொருளை விடவேண்டும். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரியே தடை செய்யப்பட்டுவிட்டதால், அதற்குப் பின் வளர்ந்து அமெரிக்கா வந்த தலைமுறைக்குப் பரிசுச் சீட்டோடு வரியும் சேர்ந்து வரும் என்ற பழக்கமே இல்லை.

சிறிய பரிசுகளுக்கு இந்தத் தலைவலி இல்லை. பரிசு ஒரு குறிப்பிட்ட தொகையைத் தொட்டு, டிக்கெட் விலையைப் போல 300 மடங்காவது இருந்தால் மட்டுமே டபிள்யூ-2ஜி என்ற படிவம் கொடுக்க வேண்டும். அந்தத் தொகை நெடுங்காலம் 600 டாலராக இருந்தது, 2026 முதல் 2,000 டாலர். 5 டாலர் டிக்கெட்டுக்கு 1,200 டாலர் டிவி விழுந்தால் அது 240 மடங்குதான், ஆகவே எந்த ஆண்டுக் கணக்கிலும் படிவம் தேவையில்லை. படிவம் வரவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகிவிடாது. அந்த டிவியின் மதிப்பும் வெற்றியாளரின் வருமானம்தான், அவர் தன் கணக்கில் காட்ட வேண்டும். எத்தனை பேர் காட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

சங்கங்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் வேறொன்று. பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் அம்மா, மகளிடம் காசு வாங்கி ஒரு டிக்கெட் எடுக்கிறார். தங்கக் காசு அவருக்கே விழுகிறது. அவர் சுற்றுலா விசாவில் ஆறு மாதம் தங்க வந்தவர். வரிச் சட்டத்தின் பார்வையில் அவர் அயல்நாட்டவர், ஆகவே 5,000 டாலர் வரம்பு அவருக்குப் பொருந்தாது. பரிசு சிறியதானாலும் 30 சதவீதம் பிடிக்க வேண்டும், கொடுக்க வேண்டிய படிவமும் வேறு, 1042-எஸ். 1,000 டாலர் தங்கக் காசுக்கு 300 டாலர். விழா மேடையில் நின்று ஒரு பாட்டியிடம் இதைக் கேட்க எந்தப் பொருளாளருக்கும் மனம் வராது. வாங்குபவர் அமெரிக்காவில் வரி செலுத்துபவரா என்ற கேள்வியை டிக்கெட் விற்கும்போதே ஒரு வரியில் கேட்டு வைத்துக்கொள்வது பின்னால் வரும் சங்கடத்தைத் தவிர்க்கும்.

இன்னும் சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். டிக்கெட் வாங்கக் கொடுத்த பணம் நன்கொடை ஆகாது. 501(சி)(3) தகுதி பெற்ற தொண்டு அமைப்பிடம் வாங்கியிருந்தாலும் வரிவிலக்குக் கேட்க முடியாது, அதற்கு நன்கொடை ரசீது கொடுப்பதும் தவறு. பிடித்த வரியைக் கட்டி, 945 என்ற ஆண்டுப் படிவத்தில் காட்ட வேண்டும். சூதாட்ட வகை வரவு ஆண்டுக்கு 15,000 டாலரைத் தாண்டினால், 990 என்ற ஆண்டுக் கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்யும் அமைப்பு அதோடு 'ஜி' அட்டவணையையும் நிரப்ப வேண்டும். வேலை முழுவதையும் தன்னார்வலர்களே செய்திருந்தால், ராஃபிள் லாபத்துக்குத் தனி வணிக வருமான வரி வராது. இந்தக் கடைசிச் சலுகையை நம்பித்தான் பெரும்பாலான சங்கங்கள் பிழைக்கின்றன. டிக்கெட் விற்பவருக்குக் கமிஷன் பேசினால் சலுகை ஆட்டம் காணத் தொடங்கும்.

மாநிலத்துக்கு ஒரு சட்டம்

கூட்டரசின் கணக்கு நாடு முழுக்க ஒன்று. ஆனால் ராஃபிளே நடத்தலாமா கூடாதா என்று சொல்வது மாநிலம். யூட்டா, ஹவாய் இரண்டிலும் காசு வாங்கிக்கொண்டு குலுக்கல் நடத்தவே வழியில்லை. தேவாலயக் கட்டட நிதிக்கு என்றாலும் இல்லை.

இந்தக் கெடுபிடிக்கு ஒரு பழைய கதை உண்டு. 1868இல் தொடங்கிய லூயிசியானா மாநில லாட்டரி நிறுவனம் அஞ்சல் வழியாக நாடெங்கும் சீட்டு விற்றுக் கொழுத்தது, அரசியல்வாதிகளை வளைத்துப் போட்டது. கடைசியில் 1890இல் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் காலத்தில் லாட்டரிச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்புவதற்கே தடைச் சட்டம் வந்தது. அந்தத் தடையின் வாரிசு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ராஃபிள் டிக்கெட்டை உறையில் போட்டுத் தபாலில் அனுப்பலாமா என்று கேட்கும் சங்கச் செயலாளருக்குப் பதில் அங்கிருந்துதான் வருகிறது. லாட்டரி வெறுப்பு அந்தக் காலத்தில் பல மாநிலங்களின் அரசியல் சாசனத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டதால், சர்ச் ராஃபிளுக்கு வழி விடக்கூட வாக்காளர்களிடம் போகவேண்டியதாயிற்று. தென் கரோலினாவும் கன்சாஸும் 2014 நவம்பரில்தான் வாக்கெடுப்பு நடத்தி அந்தக் கதவைத் திறந்தன. அதற்கு முன்பு அங்கே ராஃபிள் நடக்காமலா இருந்தது? நடந்தது, சட்டத்துக்குத் தெரியாமல்.

கலிபோர்னியாவின் கதையும் அப்படித்தான். 2000 மார்ச்சில் வாக்காளர்கள் 17ஆம் முன்மொழிவை ஏற்றார்கள். அதைத் தொடர்ந்து வந்த குற்றவியல் சட்டத்தின் 320.5 பிரிவு 2001 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழர் அமைப்புகள் நிறைய இருக்கும் மாநிலம் என்பதால் இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

முதலில், அமைப்பு அந்த மாநிலத்தில் குறைந்தது ஓராண்டாவது இயங்கியிருக்க வேண்டும். போன மாதம் பதிவு செய்த அறக்கட்டளை இந்த மாதம் ராஃபிள் போட முடியாது. மாநில அட்டர்னி ஜெனரலின் அறக்கட்டளைப் பதிவகத்தில் ராஃபிளுக்கென்றே தனியாகப் பதிய வேண்டும். அந்தப் பதிவு ஓராண்டுக்குத்தான் செல்லும். ஒருமுறை பதிந்தவர்கள் அடுத்த ஆண்டு மறுபடி பதிய வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். நடத்தி முடித்த பின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கணக்கு அறிக்கை தர வேண்டும். ஒவ்வொரு டிக்கெட்டிலும் கிழித்தெடுக்கும் அடிச்சீட்டு இருக்க வேண்டும், இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும், அந்த அடிச்சீட்டுகளிலிருந்துதான் எடுக்க வேண்டும். குலுக்கலைப் பற்றி வாட்ஸ்ஆப்பிலும் இணையதளத்திலும் விளம்பரம் செய்யலாம், டிக்கெட்டை இணையத்தில் விற்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது 90 சதவீத விதி. டிக்கெட் விற்று வந்த மொத்தத் தொகையில், செலவு போக மிஞ்சியதில் அல்ல, மொத்தத்தில், 90 சதவீதம் அறப்பணிக்கே போகவேண்டும். 20 டாலர் வீதம் 500 டிக்கெட் விற்றால் 10,000 டாலர். அதில் 9,000 அறத்துக்கு. பரிசு, அச்சு, மண்டப வாடகை எல்லாம் மீதி 1,000 டாலருக்குள் அடங்க வேண்டும், இல்லையென்றால் வேறு பணத்திலிருந்து வரவேண்டும். ஊரில் நகைக்கடை, மளிகைக்கடை, வீட்டு விற்பனை முகவர் என்று யாராவது பரிசை இலவசமாகக் கொடுத்தால்தான் கட்டுப்படியாகும். 'பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு' என்று நடக்கும் ஐம்பதுக்கு ஐம்பது குலுக்கலும் இதனால்தான் சாதாரண அமைப்புகளுக்கு முடியாது. ஆனால் பெரிய விளையாட்டு அணிகளின் அறக்கட்டளைகளுக்கு மட்டும் 2015இல் தனிச் சட்டம் போட்டு அனுமதித்தார்கள். பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்துக்கு இல்லாத சலுகை கூடைப்பந்து அணிக்கு ஏன் என்று கேட்டால் சட்டமன்றத்திடம் திருப்தியான பதில் இருப்பதாகத் தெரியவில்லை.

கலிபோர்னியா ராஃபிளுக்கு என்று தனி மாநில வரி வாங்குவதில்லை. வெற்றியாளருக்கு மட்டும் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. மாநில அரசே நடத்தும் லாட்டரியில் விழுந்த பணத்துக்குக் கலிபோர்னியா வருமான வரி கிடையாது, தொண்டு நிறுவனக் குலுக்கலில் விழுந்ததற்கு உண்டு.

வரி என்று பெயர் சொல்லியே வாங்கும் மாநிலங்களுக்கு மினசோட்டா நல்ல உதாரணம். உரிமம் பெற்று நடத்தும் பிங்கோ, ராஃபிள் போன்றவற்றின் வரவில், கொடுத்த பரிசுகளைக் கழித்துக்கொண்டு, 8.5 சதவீதம் மாநிலத்துக்கு. சிறிய அளவில் எப்போதாவது நடத்துபவர்களுக்கு விலக்கு உண்டு. அந்த மாநிலத்தில் தொண்டுச் சூதாட்டம் எவ்வளவு பெரியது என்றால், மினியாபொலிஸில் வைக்கிங்ஸ் அணிக்குக் கட்டிய கால்பந்து அரங்கில் மாநிலத்தின் பங்குக்கு இந்த வரிகளைத்தான் 2012இல் அடையாளம் காட்டினார்கள். சிற்றூர் மதுக்கடைகளில் முன்னாள் படைவீரர் சங்கங்களும் ஹாக்கி சங்கங்களும் விற்ற மின்னணுச் சீட்டுகளின் வரி அரங்கத்துக்காக மாநிலம் வாங்கிய கடனுக்குப் போயிற்று, 2023இல் மாநிலம் அதை முன்கூட்டியே அடைத்துவிட்டது. குழந்தைகளின் ஹாக்கி மட்டைக்கு என்று விற்ற சீட்டில் கோடீஸ்வர அணிக்கு அரங்கம் எழுந்ததில் வருத்தப்பட்டவர்கள் உண்டு.

வாஷிங்டனில் நகரமும் கவுன்ட்டியும் ராஃபிளுக்கு வரி போடலாம். பரிசு போக மிஞ்சும் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம், தொண்டு அமைப்பின் முதல் 10,000 டாலருக்கு வரி கூடாது. ஊருக்கு ஊர் மாறும் என்பதால் எந்த ஊர் மண்டபத்தில் விழா என்று பார்த்து அந்த நகராட்சியைத்தான் கேட்க வேண்டும். டெக்சஸ் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கமான தொண்டு ராஃபிளில் ரொக்கத்தைப் பரிசாகக் கொடுக்கக் கூடாது. டிக்கெட்டிலேயே அமைப்பின் பெயர், முகவரி, விலை, பரிசின் விவரம் அச்சிட்டிருக்க வேண்டும். இந்த அச்சு விதி அற்பமாகத் தெரியலாம், ஆனால் பின்னால் சொல்லப்போகும் மோசடியோடு ஒப்பிட்டால் நுகர்வோரைக் காப்பதில் இதைவிட எளிய ஆயுதம் இல்லை.

வாங்காத டிக்கெட்டுக்கு விழுந்த பரிசு

2011இல் வட டகோட்டாவின் சிற்றூர் ஒன்றில் வசித்த மூதாட்டிக்கு ஒரு தொலைபேசி வந்தது. 1 கோடியே 90 லட்சம் டாலரும் புதுக் காரும் விழுந்திருப்பதாகச் சொன்னார்கள். வரியும் கட்டணமும் முதலில் கட்ட வேண்டும் என்றார்கள். அவர் கட்டினார். அடுத்த வாரம் இன்னொரு கட்டணம், அதற்கடுத்து இன்னொன்று. குடும்பத்துக்குத் தெரிய வருவதற்குள் சுமார் 3 லட்சம் டாலர் போய்விட்டது.

கூட்டரசுப் புலனாய்வுத் துறையும் அஞ்சல் புலனாய்வாளர்களும் அந்தச் சரடைப் பிடித்துக்கொண்டு ஜமைக்காவின் மாண்டிகோ பே வரை போனார்கள். அங்கே கால் சென்டர்கள் பெருகிய காலத்தில் அமெரிக்க வாடிக்கையாளர்களின் பெயர், வயது, தொலைபேசி எண் அடங்கிய பட்டியல்கள் வெளியே கசிந்து விலைபோகத் தொடங்கியிருந்தன. ஜமைக்காவின் 876 என்ற எண் தொடக்கம் பார்ப்பதற்கு ஏதோ அமெரிக்க ஊரின் எண்போலவே இருக்கும் என்பது இன்னொரு வசதி. அந்தப் பட்டியல்களை வாங்கி விற்ற சஞ்சய் வில்லியம்ஸ் என்பவருக்கு 2015இல் பிஸ்மார்க் நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறை விதித்தது. தொடர்ந்து பலர் நாடு கடத்தப்பட்டு அதே நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். ஜமைக்காவும் 2013இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. மூதாட்டியின் பணம் திரும்பவில்லை.

உண்மையான ராஃபிளையும் இதையும் பிரித்துப் பார்ப்பது சட்டம் தெரிந்தவருக்குக் கடினமில்லை. ராஃபிளில் டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும், அடிச்சீட்டு கையில் இருக்கும். வாங்காத டிக்கெட்டுக்குப் பரிசு விழாது. வரிக்கான செக் அமைப்பின் பெயரில் எழுதப்படும், அந்த அமைப்பின் வரி அடையாள எண்ணை ஐஆர்எஸ் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். பணம் கொடுக்கும்போது பரிசு கண்ணெதிரே இருக்கும். டபிள்யூ-2ஜி படிவம் வரும். அதில் பிடித்ததாகக் காட்டியுள்ள தொகையை வெற்றியாளர் ஏப்ரலில் தன் வரியில் கழித்துக்கொள்வார். மோசடியில் இவை எதுவும் இருக்காது. பணம் பரிசு அட்டையின் எண்ணாகவோ, வயர் மூலமாகவோ, கிரிப்டோவாகவோ, பத்திரிகைப் பக்கங்களுக்கு நடுவே செருகிய ரொக்கமாகவோ போகும். கூடவே ஒரு நிபந்தனையும் வரும்: பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், பரிசு ரத்தாகிவிடும்.

எல்லாவற்றிலும் இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் குடும்பங்கள் அதிகம் கவனிக்க வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்கள் 2023இல் மட்டும் இணைய வழிக் குற்றங்களில் 340 கோடி டாலருக்கு மேல் இழந்ததாக எஃப்பிஐ கணக்குக் காட்டியது. அது புகாராக வந்தவற்றின் கணக்கு. பிள்ளைகள் திட்டுவார்கள், வங்கிக் கணக்கைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று வாய் திறக்காமல் இருப்பவர்கள் அதில் இல்லை.

கதவைத் தட்டும் சமூகப் பணியாளர்

இங்கேதான் அடல்ட் புரொடெக்டிவ் சர்வீசஸ், சுருக்கமாக ஏபிஎஸ், வருகிறது. முதியவரையோ, உடல் மன இயலாமையால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத வயதுவந்தவரையோ யாராவது அடித்தால், பட்டினி போட்டால், பணத்தைச் சுரண்டினால், அல்லது அவரே தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால், புகாரைப் பெற்று நேரில் போய்ப் பார்க்கும் அமைப்பு இது. சில மாநிலங்களில் மாநில அரசே நடத்துகிறது, கலிபோர்னியாவில் கவுன்ட்டிகள் நடத்துகின்றன. அங்கே 'முதியவர்' என்பதற்கான வயது வரம்பு ஏபிஎஸ்ஸைப் பொறுத்தவரை 65ஆக இருந்தது, 2022 முதல் 60.

யார் புகார் செய்யக் கடமைப்பட்டவர் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சஸில் சந்தேகம் வந்த யாரானாலும் சொல்லியே ஆகவேண்டும். நியூயார்க்கில் அப்படிப் பொதுவான கட்டாயம் எதுவும் இல்லை. கலிபோர்னியாவில் மருத்துவர், செவிலியர், பராமரிப்பாளர் என்ற பட்டியலில் 2007 முதல் வங்கி ஊழியர்களும் உண்டு. பணச் சுரண்டல் என்று தோன்றினால் உடனே தொலைபேசியில் சொல்லி, இரண்டு வேலை நாளுக்குள் எழுத்திலும் தரவேண்டும். தவறினால் வங்கி 1,000 டாலர் வரை, வேண்டுமென்றே மறைத்தால் 5,000 டாலர் வரை அபராதம் கட்ட நேரும். நல்லெண்ணத்தோடு சொன்னவரின் பெயரை ஏபிஎஸ் இரகசியமாக வைத்துக்கொள்ளும்.

தமிழ்க் குடும்பங்கள் ஏபிஎஸ்ஸை அழைக்கத் தயங்குவதற்குப் பெரிய காரணம், 'வந்து அம்மாவை எங்காவது அழைத்துக்கொண்டு போய்விடுவார்களோ' என்ற பயம். குழந்தைகள் நலத் துறையைப் பற்றிக் கேட்ட கதைகளை வைத்து இதையும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். ஏபிஎஸ்ஸுக்கு அந்த அதிகாரம் கிடையாது. மனத் தெளிவோடு இருக்கும் முதியவர் 'எனக்கு உங்கள் உதவி வேண்டாம்' என்று சொன்னால் பணியாளர் திரும்பிப் போகவேண்டியதுதான். அந்த உரிமை நல்லது. அதுவே மோசடி விஷயத்தில் தடையும் ஆகிறது. 'என் பரிசுப் பணத்தைக் கெடுக்க வந்திருக்கிறீர்களா' என்று கேட்கும் பெரியவரிடம் பணியாளரால் பேசிப் பார்க்க மட்டுமே முடியும். காப்பாளரை நியமிக்கச் சொல்லி நீதிமன்றம் போவது கடைசி வழி, மெதுவான வழி.

அந்த இடைவெளியில் கைகொடுப்பது வங்கியும் பங்குத் தரகு நிறுவனமும். சுரண்டல் சந்தேகம் இருந்தால் பணம் வெளியே போவதைச் சில நாள் நிறுத்திவைக்கும் சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலங்களில் வாஷிங்டனும் ஒன்று, 2010இல். தரகு நிறுவனங்களுக்கு 2018 பிப்ரவரி முதல் நாடு தழுவிய விதியே இருக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவரின் கணக்கிலிருந்து பணம் போவதை முதலில் 15 வேலை நாள் நிறுத்தலாம், தேவையென்றால் நீட்டிக்கலாம். அதே விதிகள் 'நம்பகமான தொடர்பு நபர்' என்று ஒருவரின் பெயரைக் கேட்டு வைக்கச் சொல்கின்றன. அந்த நபரால் கணக்கில் கைவைக்க முடியாது, சந்தேகம் வந்தால் நிறுவனம் அவரைக் கூப்பிட்டுப் பேசலாம், அவ்வளவுதான். பெற்றோரின் ஓய்வூதியக் கணக்குப் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கிறதா என்று பிள்ளைகள் இன்றே பார்த்துவிடலாம். நிரப்ப ஒரு நிமிடம்தான் ஆகும்.

ஏபிஎஸ்ஸை யார் கண்காணிக்கிறார்கள்? நெடுங்காலம் கூட்டரசின் தரப்பில் யாரும் இல்லை என்பதுதான் பதில். குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்க 1974இலேயே கூட்டரசுச் சட்டம் வந்துவிட்டது. முதியோருக்கான நீதிச் சட்டம் 2010இல் வந்தும், ஏபிஎஸ்ஸுக்கென்றே நிதி ஒதுக்கியது கோவிட் காலத்தில்தான். நாடு முழுவதற்குமான முதல் குறைந்தபட்ச விதிகள் 2024 மே மாதம் வெளியாயின. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள், மற்றவற்றுக்கு ஏழு நாளுக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும். இரவு பகல் எந்நேரமும் புகார் தர இரண்டு வழிகளாவது இருக்க வேண்டும், ஒன்று இணைய வழி. இவற்றுக்கு மாநிலங்கள் முழுமையாக இணங்க 2028 மே வரை அவகாசம். பிள்ளைகளுக்கு வந்த சட்டத்துக்கும் பெற்றோருக்கு வந்த விதிக்கும் இடையே ஐம்பது ஆண்டு.

சங்கத்தால் ஆவது

ராஃபிள் நடத்தும் அமைப்பு தன் நடைமுறையாலேயே மோசடிக்காரனின் பேச்சைப் பொய்யாக்க முடியும். பரிசு 5,000 டாலரைத் தாண்டுமானால் வரி யார் பொறுப்பு, எத்தனை சதவீதம், எப்போது என்பதை டிக்கெட்டிலேயே அச்சிட்டுவிட வேண்டும். வெற்றியாளர் விழாவில் இல்லையென்றால் தொலைபேசியில் செய்தி மட்டும் சொல்லலாம், வரியைப் பற்றியோ வங்கி விவரத்தையோ தொலைபேசியில் பேசவே கூடாது. அடிச்சீட்டோடு நேரில் வரச்சொல்லி, செயற்குழுவில் இருவர் முன்னிலையில், செக் மட்டும் வாங்க வேண்டும். வெற்றியாளர் வயதானவராக இருந்தால் வீட்டிலிருந்து ஒருவரையும் கூட்டி வரச் சொல்வதில் தப்பில்லை. 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்பதற்கு நேர் எதிரான பழக்கம் இது. குலுக்கலுக்கு முன்னால் மேடையில் இரண்டு நிமிடம் இதை விளக்கிச் சொன்னால், வழக்கமான பொன்னாடைப் பேச்சுகளைவிட அதைத்தான் வந்திருக்கும் பெரியவர்கள் உன்னிப்பாகக் கேட்பார்கள்.

பணம் ஏற்கெனவே போய்விட்டது என்று தெரிந்தால், கோபத்தைத் தள்ளிவைத்துவிட்டு, போன வழியைப் பார்க்க வேண்டும். வயராக இருந்தால் அனுப்பிய வங்கியை அந்த நிமிடமே அழைத்துத் திரும்பக் கோர வேண்டும். பரிசு அட்டையாக இருந்தால் அட்டையையும் ரசீதையும் கையில் வைத்துக்கொண்டு அதை வெளியிட்ட நிறுவனத்தை அழைக்க வேண்டும். அஞ்சல் உறையில் ரொக்கம் போயிருந்தால் அஞ்சல் புலனாய்வுத் துறையிடம் பொட்டல எண்ணைத் தரவேண்டும். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் அமெரிக்க நீதித் துறை 2020இல் தொடங்கிய முதியோர் மோசடி உதவி எண் 833-372-8311. அங்கே பேசுபவர் எந்தெந்த அலுவலகத்துக்குப் புகார் போகவேண்டும் என்று வழிகாட்டி, படிவம் நிரப்பவும் உதவுவார்.

இத்தனையும் செய்த சில வாரங்களில் மறுபடி தொலைபேசி அடிக்கும். இம்முறை பேசுபவர் வழக்கறிஞர் என்பார், அரசு அதிகாரி என்பார். இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகவும், அதற்கு ஒரு சிறு கட்டணம் ஆகும் என்றும் சொல்வார். ஒருமுறை ஏமாந்தவரின் பெயர் பட்டியலில் கூடுதல் விலைக்குப் போகும், அதனால் வரும் அழைப்பு இது. கூட்டரசு வணிக ஆணையத்தின் தொலைபேசி விற்பனை விதி இதற்குத் தெளிவாகப் பதில் வைத்திருக்கிறது: பணத்தை மீட்டுத் தருவதாகத் தொலைபேசியில் வேலை பிடிப்பவர், மீட்ட பணம் உரியவர் கைக்கு வந்து ஏழு வேலை நாள் கழியும் வரை ஒரு காசும் கட்டணமாகக் கேட்கக் கூடாது.